மேல ஒண்ணா ரெண்டா: டிரம் கிட்ல டாம்ஸ எங்க வைக்கறது

அஞ்சு பீஸ் கிட் வாங்கினா கிக் டிரம் (காலால பெடல் வச்சு அடிக்கற பெரிய டிரம்) நடுவுல ரெண்டு டாம் (குச்சியால அடிக்கற, கம்பி இல்லாத டிரம்) மாட்டற கம்பி ஏற்கனவே இருக்கும், வலது பக்கம் நிக்க ஒரு ஃப்ளோர் டாம் இருக்கும், அதனால நாம யாரும் பெருசா யோசிக்கறதே இல்ல, கம்பி எங்க இருக்கோ அங்க டாம மாட்டிட்டு மிச்சம் இருக்கற இடத்துல ரைடு சிம்பல (தாளத்த விடாம ஓட்டற பெரிய உலோகத் தட்டு) எப்படியோ நிக்க வச்சிடறோம். நிறைய பேர் வருஷக்கணக்கா இப்படியேதான் வாசிக்கறாங்க. ஆனா எப்பவாவது ஒருநாள் ஒரு டாம கழட்டிடலாமா, இல்ல இன்னொண்ணு சேக்கலாமா, நமக்குப் பிடிச்ச அந்தப் பெரிய டிரம்மர் மாதிரி அடுக்கிப் பாக்கலாமான்னு கேள்வி வரும். அந்தக் கேள்வியில நிக்கறவங்களுக்குத்தான் இது. என் கட்சிய முதல்லயே சொல்லிடறேன், டாம் எத்தனைங்கறது ரெண்டாவது கேள்வி. ரைடு எங்க நிக்கப்போகுது, அதை வாசிக்கறப்போ உங்க வலது முழங்கை எங்க இருக்கப்போகுதுங்கறதுதான் முதல் கேள்வி. அதை முடிவு பண்ணிட்டா டாம்ஸுக்கு எந்த இடம் மிச்சம்னு தானா தெரிஞ்சுடும். (இடது கைக்காரங்க வலது, இடதுன்னு வர்றத மாத்திப் படிச்சுக்கோங்க.)

இனிமே "மேல"ன்னு சொன்னா கிக்குக்கு மேல இருக்கற ரேக் டாம், "கீழ"ன்னு சொன்னா கால் வச்சு நிக்கற ஃப்ளோர் டாம்.

முதல்ல எல்லார்கிட்டயும் இருக்கற மேல ரெண்டு கீழ ஒண்ணு. பழைய ராக் அளவுன்னா 22 இன்ச் கிக், 12, 13 ரேக் டாம், 16 ஃப்ளோர் டாம் (எல்லாம் டிரம்மோட குறுக்களவு, இன்ச்ல). ஃப்யூஷன் அளவுன்னு விக்கறது 10, 12, 14. இப்போ ஸ்டூல்ல உக்காந்து பாருங்க. ஸ்நேர் (அடித் தோல்ல கம்பி இருக்கற முக்கிய டிரம்) ரெண்டு தொடைக்கு நடுவுல இருக்கு. வலது கால் பெடல்ல இருக்கறதால கிக் டிரம் உங்க உடம்போட நடுக்கோட்ட விட்டு வலது பக்கமா தள்ளி நிக்குது. அந்தக் கிக்கோட நடுவுலதான் டாம் கம்பி இருக்கு, ஆக ரெண்டு டாமும் சேந்து உங்களுக்கு வலது பக்கமா நகந்து போய் நிக்குது, முதல் டாம் ஏறக்குறைய நேரா எதிர்ல, ரெண்டாவது டாம் நல்லா வலதுல. அப்போ ரைடுக்கு என்ன இடம் மிச்சம்? ரெண்டாவது டாமுக்கும் அந்தப் பக்கம், உயரமா, தூரமா. அங்க கை போகணும்னா முழங்கை உடம்ப விட்டு விலகி மேல தூக்கி நிக்கணும். ஒரு பாட்டு ரெண்டு பாட்டுன்னா ஒண்ணும் தெரியாது, ரெண்டு மணி நேரம் வாசிச்சா தோள்பட்டை சொல்லும்.

கணக்கு போட்டுப் பாத்தா இது விசித்திரமான ஏற்பாடு. ஒரு பாட்டுல ரைடு சில நூறு அடி வாங்குது, ரெண்டாவது ரேக் டாம் நாலு அடி வாங்கினா அதிகம். நாலு அடி வாங்கறதுக்கு நல்ல இடம், நூத்துக்கணக்குல அடி வாங்கறதுக்கு எட்டாத இடம். இதுக்காகத்தான் நான் ரைடுலேந்து ஆரம்பிங்கன்னு சொல்றேன்.

அதுக்காக மேல ரெண்டு தப்புன்னு சொல்லல. ஃபில் (பாட்டோட ரெண்டு பகுதிக்கு நடுவுல வாசிக்கற சின்ன உருட்டல்) எழுதி வச்ச மாதிரி மேலேந்து கீழ இறங்கணும், மூணு சுரம் வேணும், வெவ்வேற பேண்டோட அவங்க ரெக்கார்டிங்ல இருக்கறத அப்படியே வாசிச்சுக் காட்டணும்னா இந்த அமைப்பு ரொம்ப வசதி. யாரோட கிட்லயாவது போய் உக்காந்தாலும் முக்கால்வாசி நேரம் இதுதான் இருக்கும், கை பழகி இருந்தா நல்லது. ரிங்கோ ஸ்டாரையே எடுத்துக்கோங்க, பீட்டில்ஸோட பெரும்பாலான வருஷங்கள் அவர் மேல ஒண்ணு கீழ ஒண்ணுதான், 1968 கடைசியிலதான் லட்விக் ஹாலிவுட் செட்டுக்கு மாறறார், 12, 13 மேல, 16 கீழ. 1969ல வந்த 'கம் டுகெதர்' பாட்டுல ஹை-ஹேட்டுலேந்து (காலால மூடித் திறக்கற ஜோடி சிம்பல்) கிளம்பி டாம்ஸ் வழியா கீழ இறங்கற அந்த உருளல் இருக்கே, டாம் மேல துணி போட்டு மூடி வாசிச்சது, அதுல ஒவ்வொரு டாமுக்கும் வேலை இருக்கு. ரெண்டாவது ரேக் டாமுக்கு இப்படி ஒரு வேலை உங்க வாசிப்புல இருந்தா கண்ண மூடிட்டு வச்சுக்கலாம்.

ரிங்கோ பத்தி இன்னொண்ணு, இது டாம் அமைப்போட நேரா சம்பந்தப்பட்டது. அவர் இடது கைக்காரர், ஆனா கிட் வலது கைக்காரங்க மாதிரி அடுக்கி வாசிப்பார். ரேக் டாம்லேந்து ஃப்ளோர் டாமுக்கு உருட்டணும்னா வலது கை முன்னாடி போகணும், அவருக்கோ இடது கைதான் முன்னாடி வரும், அதனால அவரோட ஃபில்ல ஒரு குட்டி தாமதம், ஒரு சறுக்கல் மாதிரி, வேற யாருகிட்டயும் கேக்க முடியாத ஒரு நடை இருக்கும். அந்த ஃபில்ஸ அச்சு அசலா வாசிக்கணும்னு முயற்சி பண்ணினவங்களுக்குத் தெரியும், நோட்டு எல்லாம் சரியா இருந்தும் அந்த உணர்ச்சி வராது. கிட்ட அப்படியே காப்பி அடிச்சாலும் வராது, ஏன்னா அந்த உணர்ச்சி வந்தது கைக்கும் கிட்டுக்கும் நடுவுல இருந்த பொருத்தமின்மையிலேந்து. இத நினைக்கறப்போ அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை இன்னும் கூடுது.

அடுத்தது மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நாலு பீஸ். ரெண்டாவது டாம் இருந்த இடத்துக்கு ரைடு இறங்கி வந்துடும், முழங்கை உடம்பு பக்கத்துலயே இருக்கும், கண்ணுக்கு எதிர்ல திறந்த வெளி, கூட வாசிக்கறவங்க முகம் தெரியும். அடுக்கறதும் சுலபம், மைக் வைக்கறதும் சுலபம், குறுகின மேடையில இடமும் கிடைக்கும். முக்கியமா, டாம் ரெண்டுதான்னா ஃபில்ல ஓடி ஒளிய முடியாது. டாம் நிறைய இருந்தா ஃபில்னாலே இடமிருந்து வலம் ஒரு சுத்து வர்றதுன்னு ஆயிடும், ரெண்டே இருந்தா தாளத்த மாத்தணும், ஸ்நேர் கிக் ரெண்டையும் நடுவுல கோக்கணும், அடியோட பலத்த மாத்தணும், சொல்றதுக்கு வேற வழி இல்லாதப்போதான் கை புதுசா யோசிக்குது.

சார்லி வாட்ஸ் (1941-2021) வாழ்நாள் பூரா இதைத்தான் காட்டினார். 1957ல செஞ்ச கிரெட்ச் கிட், ஒரு ரேக் டாம், ஒரு ஃப்ளோர் டாம். ரோலிங் ஸ்டோன்ஸ் எவ்வளவு பெரிய ஸ்டேடியத்துல வாசிச்சாலும், மேடை எத்தனை மாடி உயரத்துக்குப் போனாலும், நடுவுல அந்தச் சின்ன கிட். ஸ்நேர்ல பேக்பீட் (ரெண்டாவது, நாலாவது அடி) விழறப்போ ஹை-ஹேட்ல இருந்து வலது கைய தூக்கிடுவார், அந்த ஒரு அடி தனியா கேக்கும். இத வீடியோல பாக்கறப்போ டாம் பத்தின எண்ணமே மறந்துடும். அவரோட கிட்டுக்கு இன்னும் ஒரு டாம் தேவைப்பட்டிருக்கும்னு யாராவது சொல்லி நான் கேட்டதில்ல.

இந்த ஒண்ணு மேல ஒண்ணு கீழங்கற யோசனை எங்கேந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்கறது நல்லது. 1930கள் வரைக்கும் டாம்னா பெரும்பாலும் தோல ஆணி அடிச்சு நிறுத்தின டிரம், சுருதி சேக்கவே வழி கிடையாது, இல்லன்னா மேல் தோலுக்கு மட்டும் வழி இருக்கும். ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பா (1909-1973) ரெண்டு பக்கமும் ட்யூன் பண்ணக்கூடிய டாம் வேணும்னு கேட்டார், ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனி 1936 வாக்குல செஞ்சு குடுத்தாங்க. கிக் மேல 9 இன்ச் ஆழம் 13 இன்ச் அகலம், தரையில 16க்கு 16. பென்னி குட்மன் பேண்டோட 1938 ஜனவரி 16 அன்னிக்கு கார்னகி ஹால்ல அவர் ஃப்ளோர் டாம அதிர வச்சு வாசிச்சத இன்னிக்குக் கேட்டாலும் உடம்பு எழுந்து நிக்கும். இப்போ நாம "சாதாரண கிட்"னு நினைச்சுட்டு இருக்கற அளவும் இடமும் அவர் கேட்டு வாங்கினதுலேந்துதான் பெரும்பாலும் வந்திருக்கு.

நாலு பீஸ்ல குறைன்னு பாத்தா, 12க்கும் 16க்கும் நடுவுல ஒரு பள்ளம். ரேக் டாம் மேல எங்கயோ பாடும், ஃப்ளோர் டாம் கீழ எங்கயோ உறுமும், நடுவுல ஒரு படி இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணும். ட்யூனிங்ல கொஞ்சம் சரி பண்ணலாம், ஃப்ளோர் டாம கொஞ்சம் ஏத்தி ரேக்க கொஞ்சம் இறக்கினா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஆனா ராக் வாசிக்கறவங்களுக்கு ஃப்ளோர் டாம ஏத்த மனசு வராது, நியாயம்தான்.

அங்கதான் மூணாவது வழி வருது, மேல ஒண்ணு கீழ ரெண்டு. என்னோட வோட்டு இதுக்குத்தான். ரைடு தாழ்வா பக்கத்துல நிக்கும், டாம் மூணும் இருக்கும், கீழ ரெண்டு இருக்கறதால அடித்தளம் கனமா இருக்கும். லெட் செப்பலின் பேண்டோட ஜான் பான்ஹம் (1948-1980) வச்சிருந்தது இதுதான், 26 இன்ச் கிக், மேல 14, கீழ 16, 18. அவர் அளவுக்கு இல்லாம போனாலும் அந்த அமைப்போட பலன் எல்லாருக்கும் கிடைக்கும். அவரோட அந்த ட்ரிப்லெட், கை கை கால்னு உருண்டு வர்றது, அதுல கிக்கும் ஒரு டாம் மாதிரியே வேலை செய்யுது, மேலேந்து கை இறங்கறப்போ கீழ கிக் வந்து சேந்துக்குது. 32 வயசுல போன ஒரு மனுஷன் இத்தனை பேரோட கைய இன்னிக்கும் நடத்திட்டு இருக்கார்.

ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் (1917-1987) கிட்டும் மேல ஒண்ணு கீழ ரெண்டுதான், 24 கிக், 13 ரேக், ரெண்டு 16. ரெண்டு ஃப்ளோர் டாமும் ஒரே அளவு, கவனிங்க. அவரோட சோலோ பெரும்பகுதி ஸ்நேர்ல நடக்கும், டாம்ஸ் வந்து அதுக்கு வண்ணம் சேக்கும். சிம்பல் எல்லாம் ஏறக்குறைய தட்டையா படுத்திருக்கும், ரேக் டாமும் பெருசா சாயாது, கை எங்க போனாலும் ஒரே தளத்துல போற மாதிரி. அந்த வேகத்துக்குப் பின்னாடி இந்தத் தட்டையான அடுக்குக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன்.

கீழ ரெண்டுல என்ன சிரமம்னா அகலம். ரெண்டாவது ஃப்ளோர் டாம் வலது பக்கம் நல்லா பின்னாடி வரைக்கும் வளைஞ்சு வரும், அத அடிக்க இடுப்பத் திருப்பணும், ஸ்டூல் சுத்தற மாதிரி இருந்தா பரவால்ல. தூக்கிட்டுப் போறவங்களுக்கு ஒரு பெரிய பை கூட. 18 இன்ச் எல்லாம் சின்ன ரூம்ல ரீங்காரம் நிக்கவே நிக்காது, 14, 16 ஜோடிதான் பெரும்பாலானவங்களுக்குப் போதும்.

இப்போ கையில இருக்கற கிட்ட வச்சே இத எப்படி பண்றது? 12, 13, 16 வச்சிருக்கறவங்க எத கழட்டறது? 12க்கும் 13க்கும் ஒரு இன்ச்தான் வித்தியாசம், பேண்ட் முழுசா வாசிக்கறப்போ கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் விழும், நீங்க கஷ்டப்பட்டு ட்யூன் பண்ணி பிரிச்சாலும் 13க்கும் 16க்கும் நடுவுல இருக்கற பள்ளம் அப்படியே இருக்கும். நான் 12 கழட்டிட்டு 13 வைக்கச் சொல்லுவேன், 13, 16 ஜோடி க்ரூப்பா காலத்துலேந்து நிரூபிச்சு வந்தது, சத்தத்துல ஒரு முழுமை இருக்கும். ஜாஸ் மாதிரி லேசா வாசிக்கறவங்க, உயரம் கம்மியா இருக்கறவங்க 12 வச்சுக்கலாம். 10, 12, 14 வச்சிருக்கறவங்களுக்கு கேள்வியே வேண்டாம், 10 கழட்டுங்க, 12, 14 வச்சு வாசிங்க, பின்னால ஒரு 16 சேக்க முடிஞ்சா 12, 14, 16, ரெண்டு ரெண்டு இன்ச்சா இறங்கற மேல ஒண்ணு கீழ ரெண்டு, இதுக்கு மேல ஒரு கிட் தேவைப்படற ஆட்கள் ரொம்பக் கம்மி.

ரேக் டாம் ஒண்ணுதான்னா அத எங்க மாட்டறதுங்கறதும் யோசிக்கணும். கிக் மேல இருக்கற ரெட்டைக் கம்பியோட இடது கைல மட்டும் மாட்டினா டாம் சரியா ஸ்நேருக்கு எதிர்ல வரும், கம்பியோட வலது கை இருந்த இடத்துல ரைடு நுழையும். ஆனா சில கிட்ல கம்பி குட்டையா இருந்து டாம் போதுமான அளவு இடது பக்கம் வராது. அதுக்கு ஒரு நல்ல வழி, டாம ஸ்நேர் ஸ்டாண்ட்ல உக்கார வைக்கறது. கிக்க நகத்தினாலும் டாம் நகராது, உயரம் சாய்வு எல்லாம் இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், கிக்கோட ஷெல் (மர உடம்பு) மேல கனம் ஏறாது. ஸ்டாண்டோட கைய இறுக்கிப் பிடிக்க வச்சா அடி ரிம் (தோலப் பிடிச்சிருக்கற வளையம்) அமுங்கி டாமோட சத்தம் சட்டுனு செத்துடும், அதனால விழாம நிக்கற அளவுக்கு மட்டும் இறுக்குங்க. 10 இன்ச் டாமுக்கு சாதாரண ஸ்நேர் ஸ்டாண்ட் பெருசா இருக்கும், முன்னாடியே பாத்துக்கோங்க.

மேல ரெண்டு கீழ ரெண்டு, அதுக்கும் மேல போறவங்க. இங்க ஸ்டீவ் கேட் (1945ல பொறந்தவர்) பேர சொல்லாம இருக்க முடியாது. யமஹா கிட், 10, 12 மேல, 14, 16 கீழ, ஆனா அந்த 14, 16 ரெண்டும் கால் மேல நிக்காது, ஸ்டாண்ட்ல தொங்கும். நாலும் ஒரே குடும்பம் மாதிரி, குட்டையான தெளிவான சத்தம், ஒண்ணு முடிஞ்ச இடத்துல அடுத்தது. ஸ்டீலி டேனோட 'ஏஜா' (1977) கேட்டிருப்பீங்க, அதுல சாக்ஸஃபோனுக்குக் கீழ அவர் வாசிக்கறது, பிறகு கடைசில வாசிக்கறது, டாம் எத்தனை இருந்தாலும் அது ஒரு பேச்சா இருக்க முடியும்ங்கறதுக்கு எனக்கு அத விட நல்ல சாட்சி தெரியல. எண்பது வயச நெருங்கியும் அவர் வாசிச்சத பாத்தா இன்னொண்ணும் கண்ணுல படும், கை எங்கயும் எட்டிப் பிடிக்காது, எல்லா டாமும் கைக்கு வந்து நிக்கற உயரத்துல இருக்கும். மேல ரெண்டு வச்சும் உடம்ப வருத்தாம வாசிக்க முடியும்னா அதுக்கு வழி இதுதான், 10, 12ன்னு சின்னதா, ஆழம் கம்மியா, தாழ்வா.

டோனி வில்லியம்ஸ் (1945-1997) கதை வேற திசை. 1963ல மைல்ஸ் டேவிஸோட சேந்தப்போ வயசு பதினேழு, சின்ன ஜாஸ் கிட். 70கள்ல பாத்தா மஞ்சள் கிரெட்ச், 24 இன்ச் கிக், மேல 13, 14, கீழ மூணு ஃப்ளோர் டாம். இசை பெருசாச்சு, ஆம்ப்ளிஃபயர் வந்துச்சு, அவர் கிட்டும் கூடவே வளந்துச்சு. அவருக்கு ஒவ்வொண்ணுக்கும் தேவை இருந்துச்சு. ஹால் ப்ளெய்ன் (1929-2019) ஸ்டுடியோக்காரர், ஒரே நாள்ல பல பேரோட ரெக்கார்டிங், அதனால அடிப்பக்கம் தோல் இல்லாத டாம்ஸ வரிசையா ரேக்ல மாட்டி உருட்டிட்டு வர்ற மாதிரி செஞ்சு வச்சிருந்தார், லட்விக்கோட ஆக்டாப்ளஸ் செட்டுக்கு அதுதான் முன்மாதிரி. நீல் பியர்ட் (1952-2020) 360 டிகிரி கிட்டுக்கு நடுவுல உக்காந்திருப்பார், ஆனா ரஷ் பாட்டுகள்ல எந்த டாம் எந்த இடத்துல விழணும்னு இசையமைச்ச மாதிரி முடிவு பண்ணி வச்சிருப்பார், ரசிகர்கள் காத்துல கைய வீசி கூடவே வாசிக்கறது அதனாலதான். உலகமே கொண்டாடிட்டு இருந்த அந்த மனுஷன் 1990கள் நடுவுல ஃப்ரெடி க்ரூபர்கிட்ட மாணவனா போய் உக்காந்து, கை அசைவுலேந்து ஸ்டிக் பிடிக்கறது வரைக்கும் திரும்பக் கத்துக்கிட்டார். பெரிய கிட் ஆசை வர்றவங்க அவரோட கிட் போட்டோவ விட இந்த விஷயத்தக் கொஞ்ச நேரம் யோசிச்சா நல்லது.

பெரிய கிட்ல யாரும் சொல்லாத ஒரு தொல்லை இருக்கு, அது ஸ்நேர் இரைச்சல். ஒரு டாம் அடிச்சா பக்கத்துல இருக்கற டாம் எல்லாம் முனகும், அதோட சுருதி ஸ்நேரோட சுருதிக்குப் பக்கத்துல இருந்தா ஸ்நேர் கம்பி சரசரன்னு கூடப் பேசும். டாம் கூடக் கூட இது கூடும். 10, 12 மாதிரி சின்ன டாம்லதான் இது அதிகம் வரும். அந்த டாம கொஞ்சம் ஏத்தியோ இறக்கியோ, இல்ல ஸ்நேரோட அடி ஹெட்ட (தோல) கொஞ்சம் மாத்தியோ பாருங்க, முழுசா போகாது, ஆனா பாதி குறையும். உடனே டேப்பும் ஜெல்லும் ஒட்ட ஓடாதீங்க.

இன்னும் சில வழிகள் இருக்கு, வேகமா சொல்லிடறேன். ஹை-ஹேட்டுக்கு இடது பக்கம் ஒரு ஃப்ளோர் டாம் வைக்கறது. இடது கைக்கும் ஒரு கனமான குரல் கிடைக்கும், ரெண்டு கையும் ரெண்டு பக்கமும் விரிஞ்சு முழங்கற மாதிரி வாசிக்கறவங்களுக்கு ரொம்ப அழகா இருக்கும். ஹை-ஹேட் கொஞ்சம் உள்ள வரணும், கால் நிலை மாறும், அது ஒத்துக்கணும். ரெண்டு பக்க ஃப்ளோர் டாமும் ஒரே உயரத்துல இருக்கட்டும்.

பில்லி காபம், சைமன் ஃபிலிப்ஸ் மாதிரி கைய குறுக்க போடாம, ஹை-ஹேட்ட இடது கையாலயே வாசிக்கறவங்களுக்கு ரைடும் இடது பக்கம் வந்துடும். அப்போ நான் இதுவரைக்கும் சொன்ன முழங்கைப் பிரச்சினையே இல்ல, மேல எத்தனை டாம் வேணும்னாலும் வரிசையா வச்சுக்கலாம். அந்த வழிக்குப் போறவங்க இடது கைய முதல்லேந்து வளக்கணும், அது வேற பெரிய பயணம்.

யெஸ், கிங் க்ரிம்சன் பேண்டுகள்ல வாசிச்ச பில் ப்ரூஃபோர்ட் பிற்காலத்துல செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்நேரும் ஹை-ஹேட்டும் நடுவுல, டாம்ஸ் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு, எல்லாம் ஒரே உயரத்துல தட்டையா, சுருதி வரிசையும் மாறி. பெருசுலேந்து சிறுசுன்னு இல்லாததால கை வழக்கமா ஓடற பாதையில ஓட முடியாது, ஃபில் எல்லாமே புது மெட்டா வரும். இத ஒரு வாரம் மட்டும் முயற்சி பண்ணிப் பாக்கணும்னா ஒண்ணும் வாங்க வேண்டாம், உங்க ரெண்டு ரேக் டாமையும் இடம் மாத்தி மாட்டுங்க, போதும். பழைய ஃபில் எல்லாம் தலைகீழா கேக்கும், அதுல ரெண்டு மூணு நிச்சயம் பிடிச்சுப் போகும்.

எந்த அமைப்பா இருந்தாலும் உயரமும் சாய்வும் தப்பா இருந்தா எல்லாம் வீண். 22 இன்ச் கிக், அது மேல 9 இன்ச் ஆழ டாம், கூட்டினாலே 31 இன்ச், நடுவுல இடைவெளி வேற, அதுல சாய்வு சேந்தா டாமோட பின் விளிம்பு நெஞ்சு உயரத்துக்கு வந்துடும். அதனால டாம உங்க பக்கம் நல்லா சாய்ச்சுக்கறோம், அப்போ ஸ்டிக் நுனி ஹெட்ட குத்திக் குத்தி பள்ளம் விழும், சத்தமும் அமுங்கும். ஹெட்ல சின்னச் சின்ன குழி தெரியுதுன்னா சாய்வு அதிகம்னு அர்த்தம். ஸ்நேர்ல கை எந்தக் கோணத்துல இறங்குதோ கிட்டத்தட்ட அதே கோணத்துல டாம்லயும் இறங்கணும், ரிம்ல இடிக்காத அளவுக்கு மட்டும் சாய்ச்சா போதும். மேல ரெண்டும் வேணும், உயரமும் குறையணும்னா 20 இன்ச் கிக் உண்மையிலேயே பெரிய உதவி. ரிங்கோ 1963ல வாங்கின முதல் லட்விக் கிட்டோட கிக் 20 இன்ச்தான், 12, 14 டாம்ஸ், அதுல வாசிச்சது உலகம் முழுக்கக் கேட்டுச்சு.

சரி, யாருக்கு எது? ரெண்டாவது ரேக் டாம் உங்க பாட்டுகள்ல நிஜமாவே வேலை செய்யுது, இல்ல பல பேருக்கு வாசிக்கற கவர் பேண்ட் வேலைன்னா மேல ரெண்டு வச்சுக்கோங்க, ஆனா தாழ்த்துங்க, ரைட ஃப்ளோர் டாமுக்கும் ரெண்டாவது டாமுக்கும் நடுவுல இருக்கற சந்துல முடிஞ்ச அளவு இறக்குங்க. ஜாஸ், ப்ளூஸ், சின்ன மேடை, ஒத்த ஆளா தூக்கிட்டுப் போறதுன்னா மேல ஒண்ணு கீழ ஒண்ணு, யோசிக்கவே வேண்டாம். ராக், கனமான சத்தம், கொஞ்சம் இடம் இருக்குன்னா மேல ஒண்ணு கீழ ரெண்டு. கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் கூட ஆகலன்னா எது இருக்கோ அதுலயே வாசிங்க, ஆனா மாசத்துல சில நாள் ஒரு டாம கழட்டி வச்சிட்டு வாசிங்க.

மாத்திப் பாக்கறவங்க முதல் நாள் வாசிச்சிட்டு முடிவு பண்ணாதீங்க, முதல் நாள் எல்லாமே தப்பாதான் தெரியும், கை பழைய டாம் இருந்த இடத்துல காத்த அடிக்கும். ரெண்டு வாரம் விடுங்க. அந்த ரெண்டு வாரத்துல பேண்டோட ஒரு முறையாவது வாசிச்சு அத ஃபோன்ல பதிவு பண்ணுங்க, ரூமோட மறு ஓரத்துல ஃபோன வச்சு. திரும்பக் கேக்கறப்போ டாம பாக்காதீங்க, ரைடு சீரா நடக்குதா, பாட்டோட கடைசில கை தளருதான்னு கேளுங்க. நல்லா இருந்துச்சுன்னா கார்ப்பெட்ல எல்லா ஸ்டாண்ட் காலுக்கும் ஃப்ளோர் டாம் காலுக்கும் டேப் ஒட்டிக் குறி வச்சிடுங்க, கம்பிகள்ல மெமரி லாக் (உயரம் மாறாம பிடிக்கற வளையம்) போட்டு இறுக்கிடுங்க, ஏன்னா அடுத்த தடவை அடுக்கறப்போ ரெண்டு இன்ச் தள்ளி நின்னாலும் இது எனக்கு ஒத்து வரலன்னு தோணிடும்.